மூக்கு வழியே ஒரு வேளைப் பால்

குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுக்கும் வேலையில் பால் கொடுப்பது சின்னப் பங்குதான். மீதி நேரமெல்லாம் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறதோ என்று பயப்படுவதில் போய்விடும்.

இந்த வேலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, சிரிஞ்சை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மூக்கு அரித்தாலும் சொறிய முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நாம். நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். மகள் மித்ரா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். விழுங்கும் சக்தி அவளுக்கு வரவில்லை. வாயில் கொடுத்தால் பாதிப் பால் நுரையீரல் பக்கம் போய்விடும் என்றார்கள். மூக்கில் நுழைந்து வயிற்றில் முடியும் ஒரு மெல்லிய குழாயோடுதான் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி கௌசல்யாவுக்கு லீவு முடிந்துவிட்டது. டியூப் வைத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எந்தப் பராமரிப்பு இல்லமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே நான் நீண்ட விடுப்பு போட்டேன். கெலுகோர் ஃபிளாட்டில் பதினான்கு மாதம் இந்த உத்தியோகம் பார்த்தேன்.

பரீட்சை

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு பரீட்சை உண்டு. பெற்றோரில் ஒருவர் தாதியின் கண் முன்னே பிள்ளைக்கு டியூப் போட்டுக் காட்ட வேண்டும். கௌசல்யா முதலிலேயே சொல்லிவிட்டாள், பிள்ளையை அழவைத்து எதையும் உள்ளே தள்ள அவளால் முடியாது என்று. அதனால் நான் போய் நின்றேன்.

மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்சுக்குழிக்குக் கீழே, இப்படி அளந்தால் எங்கள் பிள்ளைக்கு இருபத்து நான்கு சென்டிமீட்டர். டியூபில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். இருபத்து நான்காம் கோடு மூக்கு வாசலில் வந்து நிற்க வேண்டும். பிள்ளையைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். முகம் மட்டும் வெளியே. நான் டியூபைத் தண்ணீரில் நனைத்து மூக்கருகே கொண்டு போனேன். அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், டியூப் தொண்டையைத் தொட்டதும் அப்படியே என் கண்ணைப் பார்த்தாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு நொடிப் பார்வையை நான் என்னவென்று சொல்ல?

போட்டு முடித்து, பிளாஸ்டர் ஒட்டிய பிறகுதான் கவனித்தேன், என் இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. இயந்திரத்துக்குள் முடி அளவு கம்பியைச் சேர்க்கிற கை அது. பெயிலாக்கிவிடுவார்களோ என்று கையைப் பின்னால் மறைத்தேன். கலைவாணி என்று ஒரு மூத்த தாதி, எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸி, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "கை நடுங்குனா பரவாயில்ல அண்ணே. நடுங்காத ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பத்தான் எனக்குப் பயம்."

பச்சை

வீட்டுக்கு வந்த மறுநாளே அவள் டியூபைப் பிடுங்கிவிட்டாள். கௌசல்யா வேலைக்குப் போய்விட்டிருந்தாள். வீட்டில் நானும் பிள்ளையும்தான். புது டியூப் போட்டேன். அடுத்தது சோதனை. சிரிஞ்சால் மெதுவாக இழுத்தால் வயிற்று நீர் கொஞ்சம் வரும். அதை ஒரு தாளில் சொட்டினால் மஞ்சளோ ஆரஞ்சோ ஆக வேண்டும். அப்படி ஆனால் அது அமிலம், அதாவது டியூப் வயிற்றில்தான் இருக்கிறது. பச்சையானால் எங்கே என்று சொல்ல முடியாது. நுரையீரலாகவும் இருக்கலாம். அந்தச் சின்னத் தாள் சொன்னால்தான் பால். சொல்லாவிட்டால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

முதலில் ஒன்றுமே வரவில்லை. இடது பக்கமாகப் படுக்க வைத்தேன். காத்திருந்தேன். கொஞ்சம் வந்தது. தாளில் விட்டேன். பச்சை. இன்னொரு தாள். அதுவும் பச்சை. பால் வேளை தாண்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பசியில் பிள்ளை அலறுகிறாள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சூடாக்கிய பால் என் கைக்கெட்டும் தூரத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது. ஊற்றினால் அடங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். எப்படி அடங்குவாள் என்பதுதான் தெரியாது.

வார்டுக்குப் போன் போட்டேன். நல்ல காலம், கலைவாணி மிஸிதான் எடுத்தார். டியூபை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடி போடச் சொன்னார். "மிஸி, ரொம்ப அழுவுறா. பசி தாங்க மாட்டேங்குறா" என்றேன். என் குரலும் அழுகிற மாதிரிதான் இருந்திருக்கும். அவர் அவசரப்படவே இல்லை. "அழட்டும் அண்ணே. அழுவுற பிள்ள மூச்சு விடுதுன்னு அர்த்தம். பச்சையில பால் ஊத்துனா அந்தச் சத்தமும் கேக்காது லா."

மாமாவின் காது

தீபாவளிக்கு கௌசல்யாவின் தாய்மாமா வீட்டுக்கு, சிம்பாங் அம்பாட் போயிருந்தோம். மாமா முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டியூப் என்றால் என்னைவிட ஆயிரம் மடங்கு பார்த்தவர். அன்றைக்கு அங்கே போய்ச் சேர்ந்ததும் மித்ரா டியூபை இழுத்துவிட்டாள். அவர் முன்னால் புது டியூப் போட்டேன். இழுத்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. இடது பக்கம் படுக்க வைத்தேன், அப்போதும் வரவில்லை.

"ஏன் மாப்பிள்ள பிள்ளையைப் பட்டினி போடுறீங்க?" என்று மாமா உள்ளே போய்த் தன் பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வந்தார். காலி சிரிஞ்சால் டியூபுக்குள் காற்றை அடித்து, பிள்ளையின் வயிற்றில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "நல்லாக் கேக்குது. உள்ளதான் இருக்கு. ஊத்துங்க." வீடு நிறைய உறவுக்காரர்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். காற்றுச் சத்தத்தை நம்பக் கூடாது என்று மிஸி சொல்லியிருந்தார். அதை முப்பது வருஷ அனுபவத்திடம் எப்படிச் சொல்வது? "மாமா, தாள் சொல்லாம நான் ஊத்த மாட்டேன்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்தை பலகாரத் தட்டோடு வந்தவர் அப்படியே திரும்பிப் போனார்.

அவர் கோபித்துக்கொள்கிறாரே என்ற பயம் ஒரு பக்கம். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, நான்தான் பிள்ளையைப் பட்டினி போடுகிறேனோ என்ற பயம் மறுபக்கம். கடைசியில் கைப்பேசி வெளிச்சத்தில் மித்ராவின் வாயைத் திறந்து பார்த்தேன். டியூப் கீழே இறங்கவே இல்லை. நாக்குக்குப் பின்னால் முறுக்கு மாதிரி சுருண்டு கிடந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். நான் டியூபை மாற்றி, தாள் மஞ்சளாகி, பால் இறங்கி முடியும்வரை மாமா பக்கத்திலேயே நின்றார். நாங்கள் கிளம்பும்போது காடி வரைக்கும் வந்தவர், கார்க் கண்ணாடி வழியாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் எத்தன பிள்ளைக்குக் காதால கேட்டு ஊத்துனேன்னு எண்ணிப் பாக்குறேன் மாப்பிள்ள."

குழம்புக் காற்று

எல்லாமே இப்படிப் பயங்கரமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் கௌசல்யாவைப் பார்க்கப் போயிருந்தோம். அவளுடைய ஆபீஸ் அங்கேதான். பால் வேளை வந்துவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. நாசி கண்டார் என்கிற சோறு குழம்புக் கடை ஒன்றில் மூலை மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். சோதித்துவிட்டு சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தேன். சாப்பிடுகிறவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையின் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். இதெல்லாம் உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். யாராவது வந்து வெளியே போகச் சொல்வார்களோ என்று நான் பாலின் மட்டத்தையும் கடைக்காரரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கார பாய் என்னை நோக்கி வரத்தான் செய்தார். பக்கத்தில் நின்று டியூபைப் பார்த்தார். "வெறும் பால்தானா தம்பி? கொஞ்சம் ரசம் கிசம் ஊத்த முடியாதா? பிள்ளைக்கு ருசி தெரிய வேணாமா?" என்றார். இது நாக்கில் படாமல் நேராக வயிற்றுக்குப் போகிறது, ருசியே தெரியாது என்று சொன்னேன். பாய் என் பையைத் தூக்கிக்கொண்டார். "அப்ப வாசமாவது பிடிக்கட்டும். முன் மேசைக்கு வாங்க, அங்கதான் குழம்புக் காத்து அடிக்கும்."

முதல் சொல்

மற்றப் பிள்ளைகள் அம்மா, அப்பா என்று ஆரம்பிப்பார்கள். மித்ரா வெகு நாள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் எல்லாம் புரியும். நான் கை கழுவும் சத்தம் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்வாள். பிளாஸ்டர் கிழிக்கும் சத்தத்துக்குச் சோபாவின் பின்னால் தவழ்ந்து போய்விடுவாள். சாயங்காலம் கௌசல்யா வந்தால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னை ஓரக் கண்ணால் பார்ப்பாள். என் பிள்ளை உயிரோடு இருக்க நான் செய்வதெல்லாம், என்னைக் கண்டு அவளைப் பயப்பட வைக்கிறது. இதற்கு என்ன செய்ய? ஒன்றும் செய்ய முடியாது. செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஒரு மாதத்துக்கு ஒரு முறை டியூபை முழுதாக மாற்றுவோம். அந்த மாதம் துண்டில் சுற்றி மடியில் வைத்ததும் அவள் திமிறவில்லை. என் முகத்தையே பார்த்தாள். யாரும் சொல்லித் தராத தெளிவோடு, தன் வாழ்க்கையின் முதல் வார்த்தையைச் சொன்னாள்: "வேணாம்."

ஒரே ஒரு தடவை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒரு நாள் காலையில் மித்ராவைக் கண் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வெளியே நல்ல மழை, பாலம் வரை ஜாம் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கௌசல்யா கிளம்பிப் போய்விட்டாள். மித்ரா எழுந்ததும் இருமி ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தாள். வாந்திக்குப் பிறகு கட்டாயம் சோதிக்க வேண்டும். எனக்கு அது மனப்பாடம். ஆனால் சோதனைத் தாள் பைக்குள் போய்விட்டது. பை கதவருகே இருந்தது. மூக்கைப் பார்த்தேன். வாசலில் நிற்க வேண்டிய கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இத்தனை மாதம் கோடு நகராத வேளையெல்லாம் சரியாக இருந்ததே, இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்று ஊற்ற ஆரம்பித்தேன்.

பால் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். அவள் அழவில்லை. வாயைத் திறந்து இருமினாள், சத்தம் வரவில்லை. உதடு சாம்பல் நிறமானது. நான் சிரிஞ்சைக் கீழே இறக்கி, பிளாஸ்டரைப் பிய்த்து, டியூபை உருவி, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்டினேன். மூக்கிலிருந்து பால் வந்தது. வாந்தியில் டியூபின் உள்முனை மேலே ஏறிச் சுருண்டிருந்திருக்கிறது. வெளியே கோடு மட்டும் அசையாமல் நின்று என்னை ஏமாற்றிவிட்டது. இரண்டாவது இருமலில் அவளுக்குச் சத்தம் வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று அவள் நெஞ்சில் கை வைத்தபடியே இருந்தேன்.

வலது நுரையீரலில் பால் போயிருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். இளம் பெண் டாக்டர் ஒருவர் கேட்டார், பால் கொடுப்பதற்கு முன்னால் சோதித்தீர்களா என்று. "ஆமா" என்றேன். என்ன நிறம் என்றார். "மஞ்சள்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கௌசல்யா பக்கத்தில் நின்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "நீங்க சரியாத்தானே செஞ்சீங்க, விடுங்க" என்றாள்.

பொய் அங்கேயே நின்றிருந்தால் நான் இன்றைக்கும் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். ஆனால் அது வளர்ந்தது. மூன்றாம் நாள் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். டியூப் வயிற்றில் இருந்தும் பால் மேலே ஏறி வந்திருக்கிறது, இது இன்னொரு தடவை நடந்தால் ஆபத்து, வயிற்றின் வாயை இறுக்க ஆபரேஷன் தேவைப்படலாம், பெரிய டாக்டரிடம் கேட்கப் போகிறோம் என்றார். மயக்க மருந்து, வயிற்றில் கத்தி, அந்த நுரையீரலோடு. எல்லாம் என் வாயிலிருந்து வந்த ஒரு நிறத்தை நம்பி. "டாக்டர், நான் டெஸ்ட் பண்ணல" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதிதாக எழுதினார், அவ்வளவுதான். ஆபரேஷன் பேச்சு அன்றோடு நின்றுபோனது.

கௌசல்யா எழுந்து வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் போனேன். லிப்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள், கோபமாகக்கூட இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "டெஸ்ட் பண்ணாததுகூட எனக்குப் புரியுதுங்க. இந்த மூணு நாளும் நீங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்களே, எனக்கு ஒண்ணுமே தெரியலையே, அதுதான் பயமா இருக்கு."

நீச்சல் குளம்

வீட்டுக்குத் திரும்பியதும் கௌசல்யா இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, அழவைக்க மாட்டேன் என்றவள் கலைவாணி மிஸியிடம் போய் டியூப் போடக் கற்றுக்கொண்டு வந்தாள். இரண்டாவது, பகலில் ஒவ்வொரு வேளையும் சோதனைத் தாளைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும், அவள் "ம்" என்று பதில் போட்ட பிறகுதான் நான் ஊற்ற வேண்டும் என்றாள். எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. ஒரு வாரத்தில் அந்த "ம்" வராவிட்டால் எனக்கே கை ஓடாது என்று ஆகிவிட்டது.

அவளுடைய மேலாளர் ஒரு சீனர், நல்ல மனிதர். ஒரு நாள் மீட்டிங் நடுவில் அவள் மேசையடியில் படம் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். எட்டிப் பார்த்தால் மஞ்சள் தாள். மேலே தள்ளினால் நேற்று மஞ்சள் தாள், முந்தாநாள் மஞ்சள் தாள், போன வாரம் முழுக்க மஞ்சள் தாள். மீட்டிங் முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மரியாதையாகவே மலாயில் விசாரித்தாராம்: "கௌசல்யா, தினம் தண்ணிய டெஸ்ட் பண்றீங்களே, உங்க வீட்டுல நீச்சல் குளம் இருக்குன்னு சொல்லவே இல்லையே?"

வாழைப்பழம்

பதின்மூன்றாம் மாதம், விழுங்குவதை எக்ஸ்ரேயில் படம் பிடித்துப் பார்த்தார்கள். திரையில் கறுப்பாக ஒரு வாய் உணவு, மித்ராவின் தொண்டையில் இறங்கி, மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பிரிகிற இடத்தில் ஒரு கணம் தயங்கி, சரியான பக்கம் போனது. மறுபடி ஒரு வாய். மறுபடியும் சரியான பக்கம். கெட்டியான உணவு கொடுக்கலாம், தண்ணீர்போல இருப்பதற்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கெட்டியாக்கும் பொடி கலக்க வேண்டும் என்றார்கள். சில வாரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பிறகு டியூபை எடுத்தார்கள். கன்னத்தில் பிளாஸ்டர் இருந்த சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கௌசல்யா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அங்கேயே, முதல் தடவையாக என் கையால், மசித்த வாழைப்பழம் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னார்கள். விழுங்கும் பயிற்சி கொடுக்கும் மிஸ், சின்ன வயது மலாய்ப் பெண், ஸ்பூனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. டியூப் இருந்தபோது தாள் இருந்தது, கோடு இருந்தது, படம் எடுத்து அனுப்பினால் பதில் வந்தது. இனி ஒவ்வொரு வாயும் எந்தப் பக்கம் போகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அதையே கேட்டேன். மித்ரா ஸ்பூனையும் என்னையும் பார்த்தாள், என் கைக்குக் காத்திருக்காமல் எக்கி வாயால் கவ்விக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள். கொஞ்சம் இருமினாள், நான் எழுந்தேவிட்டேன். அந்த மிஸ் என் தோளைத் தொட்டு உட்கார வைத்து, மலாயில் அண்ணே என்று அழைத்துச் சொன்னார்: "அபாங், இனிமே பாஸ் அவதான். பிடிச்சா இன்னும் கேப்பா, பிடிக்கலன்னா உங்க சட்டையில துப்புவா. நீங்க ஒரு துண்டு மட்டும் கொண்டுவாங்க."

இந்த உத்தியோகத்தில் எனக்குத் தெரிந்தவரை பயம் என்பது ஒருநாளும் போவதில்லை, மூக்கிலிருந்து வாய்க்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.